கடைமடையில் கிறிஸ்து பிறப்புக் காலம்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகும் திருவருகைக்காலம் இன்று தொடங்கியது. பீடத்தில் ஊதாத் துணி விரித்தாயிற்று. மலர்வளையத்தின் நான்கு மெழுகுவர்த்திகளில் முதலாவதை உபதேசியார் ஏற்றினார். இனி இயேசு பாலன் பிறக்கும் இரவு வரை ஞாயிறு திருப்பலிகளில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாட மாட்டோம்.

நேற்று இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இன்றைய நற்செய்தியோ லூக்கா 21: கடலின் கொந்தளிப்பாலும் முழக்கத்தாலும் மக்கள் கலங்குவார்கள் என்கிறார் ஆண்டவர். பண்டிகைக்கு நாள் எண்ணத் தொடங்கும் ஞாயிறில் இப்படியொரு வாசகமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நாகப்பட்டினம் கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. தலை நிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் மீட்பு நெருங்கி வருகிறது என்பதும் அதே வாசகத்தில் இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இந்த மாதத்தைக் கடக்கப் போகிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி

பாலன் பிறந்த காட்சியை அமைக்கும் குடிலுக்குப் புல் வேண்டும். ஒரு படி விதைநெல்லை ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் தட்டுகளில் வண்டல் மண் பரப்பித் தூவினோம். பிளாஸ்டிக் புல் கடையில் கிடைக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. மழைத் தண்ணீர் வடியாமல் சம்பா அழுகிக்கொண்டிருக்கும் வருடத்தில் பாலனின் காலடியில் நெல்தான் நிற்க வேண்டும்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, இரவில் எங்கள் பிள்ளைகளின் பாடல் பவனி. அடுத்த தெரு அக்கா வாசல் கோலத்தில் பூசணிப்பூ வைத்துவிட்டு, பவனி வரும் நேரத்தைக் கேட்டுப் போனார். பிள்ளைகளுக்குச் சுண்டல் தருவாராம்.

டிசம்பர் 23, திங்கள்

குடில் முடிந்தது. கீற்றுக் கூரை, குறுவை அறுப்பில் எடுத்து வைத்த வைக்கோல், நான்கு விரல் உயரத்துக்கு வந்துவிட்ட நாற்று.

முதன்முதலில் 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, நிஜ வைக்கோலையும் நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்தார். லூக்கா எழுதியதில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. தீவனத் தொட்டி மட்டும் இருக்கிறது. தன் தலைவன் தீனி போடும் இடத்தைக் கழுதைகூட அறிந்திருக்கிறது என்ற இறைவாக்கினர் எசாயாவின் வரியிலிருந்துதான் அவை இரண்டும் குடிலுக்குள் வந்தன.

பிள்ளைகளுக்குத் தொட்டி என்றால் தொட்டில்போல அழகான ஏதோ ஒன்று என்ற நினைப்பு. எங்கள் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கழுநீர்த் தொட்டியைக் காட்டினேன். மாடுகள் நக்கி நக்கி விளிம்பு வழவழப்பாகியிருந்தது. அடியில் ஊறிய தவிடு, புளித்த வாடை. "இதிலா படுக்க வைத்தார்கள்?" என்று ஒரு சிறுமி முகம் சுளித்தாள். ஆமாம், இதில்தான். விடுதியில் இடம் கிடைக்காத ஏழைத் தம்பதிக்குக் கிடைத்தது இதுதான். கடவுள் நம் வாழ்க்கைக்குள் இறங்கி வந்தார் என்று நாம் அறிக்கையிடுவது இந்த வாடையையும் சேர்த்துத்தான். குடிலைச் சுற்றி எத்தனை வண்ண விளக்குகள் போட்டாலும் இதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

டிசம்பர் 25, புதன், விடியற்காலை

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து எழுதுகிறேன். காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்ற வாசகத்துக்கு முன்பே, 'உன்னதங்களிலே' தொடங்கியதும் மணிகள் எல்லாம் ஒன்றாக முழங்கின. விசுவாச அறிக்கையில் 'உடல் எடுத்து மனிதர் ஆனார்' என்ற இடம் வந்ததும் கோயில் முழுவதும் முழந்தாளிட்டது. மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குவதோடு சரி. முழந்தாளிடும் அந்தச் சில நொடிகள்தான் எனக்குக் கிறிஸ்துமஸ். புத்தாடையும் அதிரசமும் அதற்குப் பிறகுதான்.

கடைசியில் பாலன் சுரூபத்தை முத்தமிட வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் பெரியம்மா. சுரூபத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், உடனே நகரவில்லை. பங்குத்தந்தையும் அவசரப்படுத்தவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

ஆழிப்பேரலை வந்து இன்றோடு 20 ஆண்டுகள். 2004இல் இதே நாள் ஞாயிறு, திருக்குடும்ப விழா. கொல்லத் தேடிய ஏரோது அரசனுக்குத் தப்பி, சூசையப்பர் இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போன பகுதிதான் அன்றைய நற்செய்தி. அன்று காலைதான் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்து, கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் எத்தனையோ பேர். பெரியம்மாவின் மகனும் அங்கேதான் நின்றான். ஒன்பது வயது.

இன்று அவரோடு வேளாங்கண்ணிக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் கேட்டேவிட்டேன்: இந்த நாள் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, எப்படிப் பெரியம்மா ஒரு வருடம்கூட விடாமல் நள்ளிரவுப் பூசைக்கு வருகிறீர்கள்?

"மாதாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே, தம்பி. அவள் பெற்றெடுத்த ராத்திரியில் நான் பக்கத்தில் இல்லாமல் வேறு யார் இருப்பது?"

திருச்சபையின் நாட்காட்டியும் பெரியம்மாவைப் போலத்தான் நினைக்கிறது. பாலன் பிறந்த மறுநாளே விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த முதல் மறைசாட்சி முடியப்பரின் (ஸ்தேவான்) திருநாள். 28ஆம் தேதி, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். அன்றைய பூசையில் மன்றாட மகன் பெயரில் கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறார் பெரியம்மா. வாசகத்தை நான்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.