மரத்தில் பூ செதுக்க: உளிக்கு முன்னால் மேசையும் பசையும்

மரச்செதுக்கு கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் கேட்பது, எந்த உளி செட் வாங்கலாம் என்றுதான். உளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பலகையை எப்படி அசையாமல் பிடிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பலகை ஆடினால் கை பயப்படும். பயந்த கையால் ஒரு இதழைக்கூட ஒழுங்காக வளைத்து எடுக்க முடியாது.

மரச்சிற்பத்துக்குப் பேர்போன அரும்பாவூர், தம்மம்பட்டி பட்டறைகளில் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டுவதைப் பார்த்தால் மேசையே தேவையில்லை என்று தோன்றும். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கள்ளக்குறிச்சிக்கு அடுத்த ஆண்டே கிடைத்தது. அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் இருப்பது சின்ன வயதிலிருந்தே அப்படி உட்கார்ந்து பழகிய உடம்புகள். முப்பது வயதுக்கு மேல் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் இதைத் தொடங்குகிற நமக்கு இடுப்பும் முட்டியும் அவ்வளவு வளையாது, காலுக்கு நேராக உளி வருவது ஆபத்தும்கூட. நமக்கு மேசைதான் சரி.

ஆனால் சாதாரணத் தச்சு மேசை செதுக்குவதற்கு உயரம் போதாது. மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியைத் தள்ளும்போது உடம்பின் எடையை மேலிருந்து போட வேண்டும் என்பதால் அது தாழ்வாக இருக்கும். செதுக்குகிறவருக்கு முழங்கை உயரம் வேண்டும், ஆளைப் பொறுத்து 95 முதல் 105 செ.மீ. வரை. இருக்கிற மேசைமேல் கனமான ஒரு பெட்டியைக் கிளாம்ப் போட்டு இறுக்கினாலே அந்த உயரம் வந்துவிடும், கீழ்த்தட்டில் நாலு செங்கல் வைத்தால் ஆட்டமும் நிற்கும். விளக்கு தலைக்கு மேல் வேண்டாம், பக்கவாட்டில் ஒன்றே ஒன்று போதும். நிழல் விழுந்தால்தான் மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் படும்.

இப்போது பசை. மெல்லிய பலகையில் புடைப்பாகப் பூ செதுக்கும்போது கிளாம்பை எங்கே வைத்தாலும் உளிக்கு வழிமறிக்கும். இதற்கு உலகம் முழுக்கச் செதுக்குகிறவர்கள் செய்கிற ஒரு உபாயம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அகலமான அடிப்பலகையில் ஃபெவிகால் தடவி, மேலே ஒரு செய்தித்தாள், அதன்மேல் மறுபடி ஃபெவிகால், அப்புறம் செதுக்க வேண்டிய பலகை. பாரம் வைத்து ஒரு இரவு விட்டுவிட வேண்டும். மேசையில் அடிப்பலகையை மட்டும் இறுக்கிக்கொண்டு நாலு பக்கத்திலிருந்தும் தாராளமாகச் செதுக்கலாம். வேலை முடிந்ததும் அகலமான பட்டை உளியை இணைப்பில் வைத்து நார் ஓடும் திசையில் மெல்லத் தட்டினால் காகிதம் நடுவில் இரண்டாகப் பிளந்து, பூ முழுசாகக் கையில் வரும். ஒட்டியிருக்கும் காகிதத்தை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டிவிடலாம்.

ஃபெவிகால் வந்தது 1959இல். அதற்கு முன் ஆசாரிகள் கையில் இருந்தது வச்சிரம், மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. தண்ணீரில் ஊறவைத்து, நேரடித் தீயில் காட்டாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும், நாற்றமும் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். குறை மாதிரித் தெரிகிற இந்தக் குணத்துக்காகவே வயலின் செய்கிறவர்கள் இன்றும் இதை விடவில்லை, பழுது பார்க்க வேண்டும் என்றால் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம் அல்லவா.

அகலம் வேண்டி இரண்டு பலகைகளை ஒட்டும்போது இரண்டிலும் நார் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். எதிரெதிராக இருந்தால், ஒரு பாதியில் வழுக்கிக்கொண்டு போகிற உளி மறுபாதியில் நாரைப் பிய்த்துவிடும். பசை என்னவோ பிடித்துக்கொள்ளும், செதுக்கும்போதுதான் வலிக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்துவிட வேண்டும். பிதுங்கி வரும் பசையை உடனே வழித்துவிடுங்கள், காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது.

பழகுவதற்குக் குமிழ் மரம் நல்லது, மென்மையாக இருக்கும், அதிகம் சுருங்காது. தேக்கு வேண்டாம், அதிலிருக்கும் சிலிக்கா உளியின் கூர்மையை வேகமாகத் தின்றுவிடும். வேம்பில் நார் முன்னும் பின்னுமாகப் பின்னிக்கிடக்கும், புதுக்கைக்குப் பொறுமை போய்விடும். வாகையில் செதுக்கினால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அதன் நுண்தூள் தும்மலைக் கிளப்பும்.

உளிகள் நாலு போதும். கடைகளில் குழி உளிக்கு, அதாவது முனை வளைந்த உளிக்கு, எண் இருக்கும், 3 என்றால் லேசான வளைவு, 9 என்றால் ஆழமான வளைவு. 3இல் ஒன்று, 5இல் ஒன்று, 7இல் ஒன்று, கோடு இழுக்க ஒரு வி உளி. முதலில் பூவின் ஓரத்தை நேர் கீழாக வெட்டி நிறுத்துங்கள், பிறகு வெளியிலிருந்து அந்த வெட்டை நோக்கித் தளத்தை இறக்குங்கள். இந்த வரிசை மாறினால் இதழ் பெயர்ந்துவிடும். ஒரு இலைக்கு நடு நரம்பின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில்தான் வெட்ட வேண்டியிருக்கும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை உளி தீட்டும் பச்சை பேஸ்ட் தடவிய தோல் பட்டையில் உளியைப் பின்பக்கமாக இழுத்துத் தீட்டுங்கள். மென்மரத்தின் குறுக்கு வெட்டில் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள், வெட்டிய இடம் பளபளத்தால் கூர் சரி.

செதுக்கி முடிக்கும்வரை உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம், அதன் துகள் நாரில் புதைந்து அடுத்த வெட்டில் உளியை மழுங்கடிக்கும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு, நடுவில் நன்றாகக் காயவிட்டு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டு, பிறகு குப்பையில் போடுங்கள்.