ஜிம்மி காலின்ஸ்: ஒரு சோதனை விமானியின் எழுத்து

1930களில் புதிய போர் விமானத்தை வாங்குமுன் அமெரிக்கக் கடற்படை கடுமையான ஒரு சோதனையைக் கேட்டது. விமானி மிக உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பாய்ந்து, வேகம் அதற்குமேல் ஏறாது என்ற நிலையில் விமானத்தை வெடுக்கென்று நிமிர்த்த வேண்டும். அந்த நொடியில் அவருடைய உடல் எடை பல மடங்காகும். தலையிலுள்ள இரத்தம் கீழே இறங்க, கண் இருண்டுவிடும். வயிற்றை இறுக்கிக்கொண்டு உரக்கக் கத்தினால் அந்த இருட்டைச் சற்றே தள்ளிப்போடலாம் என்பது விமானிகள் அனுபவத்தில் கண்டது.

இந்த வேலையைக் கூலிக்குச் செய்தவர்களில் ஜிம்மி காலின்ஸ் எனக்கு மிகவும் நெருக்கமானவர்; காரணம், அவருடைய எழுத்து. டெக்சாஸ் ராணுவப் பயிற்சித் தளத்தில் அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்குடன் ஒரே வகுப்பில் பயின்றவர் அவர். லிண்ட்பெர்க் உலகப் புகழ் பெற, காலின்ஸோ பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் காப்பாற்றுவதற்காக இத்தகைய சோதனைகளை ஒப்புக்கொண்டார். அதை அவர் மறைக்கவே இல்லை. பயத்தையும் பணத் தேவையையும் ஒரே மூச்சில் சொல்கிறார். எந்த இடத்திலும் தம்மை வீரனாகக் காட்டிக்கொள்ளவில்லை. பாய்ச்சல் சோதனையைப் பற்றிய அவருடைய கட்டுரையில் உடல்மீதான விசையை அளக்கும் விசைமானியின் முள் ஏறுவதையும், பார்வை மங்கித் திரும்புவதையும், தரையிறங்கிய பின் உடலில் எஞ்சும் வலியையும் படிக்கும்போது, வேலை தெரிந்த ஒரு தொழிலாளியின் வாக்குமூலத்தைக் கேட்பதாகவே உணர்கிறேன்.

1935 மார்ச் 22 அன்று, நியூயார்க்கின் லாங் தீவில், கிரம்மன் நிறுவனத்தின் எக்ஸ்.எஃப்.3.எஃப் என்ற புதிய போர் விமானத்தின் முதல் சோதனை மாதிரியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்சல்களை முடித்தவர், பத்தாவதில் நிமிர்த்தியபோது விசை 14 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல் 14 மடங்கு வரை, ஏறியது. இறக்கைகளும் இயந்திரமும் பிய்ந்துபோக, விமானம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் விழுந்தது, காலின்ஸ் இறந்தார். அதே வகையின் இரண்டாவது மாதிரி விமானமும் சோதனையின்போது சுழன்று விழுந்தது. அதன் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். மூன்றாவது விமானம்தான் தேறியது. அமெரிக்கப் படைகள் கடைசியாக வாங்கிய இரட்டை இறக்கைப் போர் விமானம் இந்த வகையே.

தாம் விழுந்து இறப்பதை, இறந்தவனே சொல்வதுபோல், காலின்ஸ் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். அவர் இறந்த ஆண்டிலேயே வெளிவந்த நூலில் அது அச்சாயிற்று. பலரும் அதையே முதலில் தேடிப் படிக்கிறார்கள். பாய்ச்சல் கட்டுரையைப் படித்துவிட்டு அதற்கு வருவதே நல்லது என்பேன். ஒவ்வொரு முறை விமானத்தில் ஏறும்போதும் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் புரியும்.