பிடிப்பதைவிட விடுவதுதான் செல்லுக்குப் பெரிய வேலை

ஆய்வகத்தில் செல் வளர்க்கும் கல்ச்சர் தட்டில் ஒட்டியிருக்கும் ஒரு ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) நகர்வதை மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மணிக்கு இருபது முப்பது மைக்ரோமீட்டர் போனாலே அதிகம், பல நேரம் தன் உடம்பு நீளத்தைக்கூடத் தாண்டியிருக்காது. ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்து வேகமாக ஓட்டிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்: முன்பக்கம் மெல்லிய விளிம்பு படபடத்துக்கொண்டே பரவும், நடு உடம்பு மெதுவாக அதன் பின்னால் வரும், வால் மட்டும் வர மறுத்து நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படக்கென்று விடுபட்டு உள்ளே சுருண்டுகொள்ளும்.

பாடப்புத்தகங்கள் முன்விளிம்பைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எனக்கு அந்த வால்தான் முக்கியம். செல் நகர்வதில் கஷ்டமான பகுதி ஒட்டிக்கொள்வது இல்லை, ஒட்டியதைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் விடுவது. அந்த நேரத்தைத் தீர்மானிக்கிற வேலையில் பெரும்பங்கு கைனேஸ்கள் என்ற நொதிகளுடையது.

முதலில் ஒட்டுவது எப்படி என்று பார்த்துவிடலாம். செல்லின் சவ்வைக் குத்திக்கொண்டு நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதங்கள் வெளியே கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களைப் பிடிக்கும், உள்ளே டாலின் என்ற புரதம் வழியாக, செல்லுக்கு எலும்புக்கூடு போல இருக்கும் ஆக்டின் இழைகளோடு இணையும். மனிதர்களில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா துண்டுகள் ஜோடி சேர்ந்து 24 வகை இன்டெக்ரின்கள் இருக்கின்றன. ஃபைப்ரோனெக்டினில் இவை பிடிக்கும் இடம் வெறும் மூன்று அமினோ அமிலம் (ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம்) என்று 1984-இல் பியர்ஷ்பாகரும் ருவஸ்லாட்டியும் காட்டினார்கள். அவ்வளவு பெரிய புரதத்தில் மூன்றே மூன்று எழுத்து!

ஆனால் இன்டெக்ரினுக்கு ஒரு குறை உண்டு. வெளியே எதையோ பிடித்துவிட்டேன் என்று உள்ளே சொல்ல அதற்கு வழி இல்லை, ஏனென்றால் அதன் உள்வால் மிகச் சின்னது, நொதிச் செயல்பாடு எதுவும் அதற்குக் கிடையாது. அதனால் பக்கத்தில் கைனேஸ்களைக் கூட்டிச் சேர்க்கிறது. கைனேஸ் என்பது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் வைக்கும் நொதி. பாஸ்பேட் ஏறியதும் அந்தப் புரதம் வடிவம் மாறும், அல்லது வேறு புரதங்கள் வந்து அமர அதில் ஒரு புதிய இடம் திறக்கும். பாஸ்பட்டேஸ் என்ற வேறு நொதி வந்து அதை எடுத்துவிட்டால் பழைய நிலை. திரும்பப் பெறக்கூடிய சமிக்ஞை என்பதுதான் இதில் முக்கியம்.

இன்டெக்ரின்கள் கூட்டமாகப் பிடித்திருக்கும் ஒட்டுப்புள்ளிகளில் இந்த வேலைக்குத் தலைமை எஃப்ஏகே என்ற கைனேஸ். சாதாரணமாக அது தன் உடம்பாலேயே தன்னை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். ஒட்டுப்புள்ளிக்கு வந்ததும் திறந்து, 397-ஆவது இடத்தில் இருக்கும் டைரோசினில் பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும். சார்க் என்ற இன்னொரு கைனேஸ் சரியாக அந்த இடத்தில் வந்து பிடித்துக்கொள்ளும், அதன் பூட்டும் அப்போது திறக்கும். அப்புறம் இரண்டும் சேர்ந்து பாக்ஸிலின், பி130காஸ் என்று பக்கத்தில் இருக்கும் புரதங்களிலெல்லாம் பாஸ்பேட் ஏற்ற, அந்தச் சங்கிலி ராக் என்று ஒலிக்கும் இரண்டு புரதங்களில் சிறியதான ராக்1 வரை போய், ஆக்டின் இழைகளைக் கிளைவிட்டு வளரச் செய்து முன்விளிம்பைத் தள்ளும். (இன்னொரு ராக் ஒரு கைனேஸ். குழப்பம் வேண்டாம் என்று அதை இனி ரோ-கைனேஸ் என்றே சொல்கிறேன்.)

இதுவரை படித்தால் எஃப்ஏகே இல்லாத செல் ஒட்டவே திணறும் என்றுதான் தோன்றும். 1995-இல் ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று எஃப்ஏகே மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கியது. கருக்கள் எட்டரை நாள் வாக்கிலேயே இறந்துபோயின. அவற்றிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தபோது, ஒட்டுப்புள்ளிகள் குறையவில்லை, கூடியிருந்தன! செல்கள் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தன, ஆனால் நகர்வது மந்தமாகிவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஒட்டுவதைக் கட்டுகிற கைனேஸ் என்று நினைக்கத் தோன்றியது, ஒட்டியதைக் கலைப்பதற்கும் அவசியம் என்று ஒரே படத்தில் தெரிந்துவிட்டது.

ஒட்டுதல் கூடக் கூட வேகமும் கூடும் என்று நினைப்பது இங்கேதான் தப்பாகிறது. பிடிமானம் ரொம்பக் குறைவு என்றால் செல்லுக்கு இழுத்து முன்னேற ஆதாரம் இல்லை, ரொம்ப அதிகம் என்றால் பின்பக்கம் விடாது. நடுத்தரமான பிடிமானத்தில்தான் வேகம் உச்சம். 1991-இல் கணித மாதிரியாக வந்த இந்தக் கருத்தை 1997-இல் இன்டெக்ரின் அளவையும் தட்டில் பூசிய புரதத்தின் அளவையும் மாற்றி மாற்றிச் சோதித்து உறுதிப்படுத்தினார்கள்.

இப்போது வாலுக்கு வருவோம். பின்பக்கத்தில் ரோ என்ற புரதம் ரோ-கைனேஸை எழுப்புகிறது. ரோ-கைனேஸ், ஆக்டின் இழைகளை இழுக்கும் புரதமான மையோசினில் பாஸ்பேட் ஏற்றும், அதோடு மையோசினிலிருந்து பாஸ்பேட்டை எடுக்கும் பாஸ்பட்டேஸையும் முடக்கும், அதாவது இரண்டு பக்கமும் அடைத்துவிடும். விளைவு, பலமான சுருக்கம். ரோ-கைனேஸைத் தடுக்கும் மருந்தைத் தட்டில் விட்டால் முன்பக்கம் போய்க்கொண்டே இருக்கும், வால் விடுபடாமல் நீளும். இழுப்பு மட்டும் போதாது, கால்பெய்ன் என்ற நொதி டாலினையே வெட்டி உள்ளிருந்து கட்டை அவிழ்க்கிறது. அப்படியும் எல்லாம் சுத்தமாகக் கழன்று வருவதில்லை, சவ்வும் இன்டெக்ரினும் கொஞ்சம் கிழிந்து தட்டிலேயே தங்கிவிடும். செல் போன பாதையை அந்தத் தடத்தை வைத்தே காணலாம்.

இதில் இன்னும் மனதைப் பிடித்து வைத்திருக்கும் விஷயம், அதே மையோசின் இழுப்பு முன்பக்கத்தில் நேர் எதிரான வேலையைச் செய்வது. முன்விளிம்பில் பிறக்கும் பெரும்பாலான ஒட்டுப்புள்ளிகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் கலைந்துவிடும். இழுவிசை சரியாக விழுந்தவை மட்டும் தங்கும், ஏனென்றால் அந்த இழுப்பில் டாலின் நீண்டு, உள்ளே மறைந்திருந்த இடங்கள் வெளிப்பட்டு, அங்கே வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து கட்டை இறுக்குகிறது. ஒரே விசை முன்னால் கட்டுகிறது, பின்னால் அவிழ்க்கிறது. எங்கே எந்த கைனேஸ், எந்த பாஸ்பட்டேஸ் அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு மாறுகிறது.

ஒட்டுதலே கெட்டால் என்ன ஆகும் என்பதை உடம்பில் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளணு ஒட்டுதல் குறைபாடு என்ற அரிய பிறவி நோயைப் பார்க்க வேண்டும். பீட்டா2 இன்டெக்ரின் மரபணு பழுதான குழந்தைகளின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும், ஆனால் புண்ணில் சீழே பிடிக்காது. வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு போகும், நின்று ஒட்டி வெளியேறத் தெரியாது. தொப்புள்கொடி விழ வழக்கமான ஒன்றிரண்டு வாரத்தைத் தாண்டி மிகவும் தாமதமாவது பலரிடம் முதல் அறிகுறி. இதே நோயின் மூன்றாம் வகை இன்னும் நுட்பமானது: இன்டெக்ரின் முழுசாக இருக்கும், அதை உள்ளிருந்து திறக்க டாலினோடு சேர்ந்து உழைக்கும் கின்ட்லின்-3 என்ற புரதம் இருக்காது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளுக்கும் அது வேண்டும் என்பதால் தொற்றோடு ரத்தக்கசிவும் சேர்ந்துகொள்ளும்.

புற்றுநோய் பக்கம் பார்த்தால், சார்க்கின் கதை 1911-இல் பேட்டன் ரௌஸ் கோழிக் கட்டியில் கண்ட வைரஸிலிருந்து தொடங்குகிறது. அந்த வைரஸின் சார்க் மரபணு முதலில் சாதாரணச் செல்லிலிருந்தே எடுக்கப்பட்டது என்று 1976-இல் பிஷப், வார்மஸ் குழு காட்டியது. எஃப்ஏகேயைத் தடுக்கும் டெஃபாக்டினிப் மருந்துக்கு, ஒரு வகை சினைப்பைப் புற்றுநோயில் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்க, 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதை உடனே 'செல் பரவலை நிறுத்தும் மருந்து' என்று சொல்லிவிடக் கூடாது. கட்டி சுருங்கியதை வைத்துக் கிடைத்த அனுமதி அது. நோய் தெரியவரும் நேரத்தில் பல பேருக்குச் செல்கள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கும், அதனால் நகர்வை மட்டும் தடுத்து என்ன கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி.

நகர்வைத் தடுத்தே பலன் தந்த மருந்தும் இருக்கிறது, நடாலிசுமாப். வெள்ளணுவின் ஆல்ஃபா4 இன்டெக்ரினை மறைத்து, அது மூளைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும். வெள்ளணுக்கள் நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோய்க்கு 2004-இல் அனுமதி கிடைத்தது. சில நோயாளிகளுக்கு ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கியதால் 2005-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மூளையைக் காவல் காக்கப் போகும் செல்களும் அதே இன்டெக்ரினைப் பிடித்துத்தான் போகின்றன. கட்டுப்பாடுகளோடு 2006-இல் மருந்து திரும்பி வந்தது. இப்போது ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்து, ஆபத்தை எடைபோட்ட பிறகுதான் கொடுக்கிறார்கள்.