நெத்திலியுடன் தலைநகர் போன முதல்வர்

ஸ்பெயினின் வடகரையில் உள்ள கான்டாப்ரியா என்ற சிறு மாநிலத்தின் முதல்வராக நான்கு முறை பதவி வகித்த மிகேல் ஆன்ஹெல் ரெவியாவின் அரசியல் வாழ்க்கை, எனக்கு நெடுநாளாகவே வியப்பளிப்பது. 1943இல் போலாசியோனெஸ் என்ற மலைப்பகுதியில் பிறந்து பொருளாதாரம் படித்த அவர், அப்போது சாந்தாந்தேர் மாகாணமாக மட்டுமே இருந்த தம் மண்ணுக்குத் தன்னாட்சி கேட்டுப் போராடியவர்களில் ஒருவர். 1978இல் கான்டாப்ரியா பிராந்தியவாதக் கட்சியையும் தொடங்கினார்.

2003இல் நடந்ததுதான் சுவையானது. சட்டமன்றத்தின் 39 இடங்களில் வெறும் 8 இடங்களுடன் மூன்றாவதாக வந்த கட்சியின் தலைவர், 13 இடங்கள் பெற்ற சோசலிஸ்டுகளின் ஆதரவோடு முதல்வரானார். அதுவரை எட்டாண்டுகள் அவர் துணை முதல்வராக இருந்ததோ, 18 இடங்களுடன் முதலிடத்தில் நின்ற வலதுசாரி மக்கள் கட்சியின் கூட்டணியில்! சந்தர்ப்பவாதம் என்பார்கள், பேரம் பேசத் தெரியாத சிறு கட்சி கரைந்துபோகும் என்பது என் எண்ணம்.

பிரதமர் சபாதேரோவைச் சந்திக்க, சாந்தோன்யா ஊரின் உப்பிலிட்ட நெத்திலி டப்பாக்களுடன் பிரதமரின் இல்லமான மோன்க்ளோவா மாளிகைக்கு அவர் வாடகைக் காரில் போய் இறங்கியது நாடெங்கும் பேசப்பட்டது. அதை வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்க மாட்டேன். செலவில்லாமல் கிடைத்த விளம்பரம் அது.

2011இல் மக்கள் கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றதால் பதவி இழந்து, 2015இல் மீண்டார். 2019இல்தான் அவர் கட்சி முதன்முறையாக முதலிடம் பிடித்தது. 2023இல், 35 இடங்களாகக் குறைக்கப்பட்டிருந்த சட்டமன்றத்தில் அது 8 இடங்களாகச் சுருங்கியபோது, தீவிர வலதுசாரி வாக்ஸ் கட்சியின் தயவு தேவைப்படாமல் மக்கள் கட்சி ஆட்சியமைக்கும்படி, அவர் கட்சி வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தது.