அத்தைக்கு மட்டும் திறக்கிற கதவு

அப்பா 1993இல் வீடியோ கேமரா வாங்கினார். அதற்குப் பிறகு பத்து வருஷம் செம்பூர் வீட்டில் நடந்ததெல்லாம் கேசட்டில் இருக்கிறது. சேடா நகர் முருகன் கோயிலில் நான் பால்குடம் எடுத்தது, அண்ணன் சைக்கிள் பழகி விழுந்தது, ஆச்சி சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே பாடியது. மும்பை மழைக்கால ஈரத்தில் நான்கு கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. மிச்சம் 37ஐயும் போன வருஷம் கணினிக்கு மாற்றினேன்.

சரி, அம்பாசமுத்திரத்து அத்தையும் மஸ்கட்டில் இருக்கிற அண்ணனும் இதை எப்படிப் பார்ப்பது? யூடியூபில் போட மனசு வரவில்லை. ஆச்சி அடுக்களையில் பாடியது வீட்டு ஆட்களுக்காக.

பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் போட்டேன். நம் கணினியில் இருக்கிற வீடியோக்களை டிவியிலும் போனிலும் பார்க்க வைப்பது அது. எம்பி (Emby) என்கிற மென்பொருள் தன் மூல நிரலை வெளியிடாத மூடிய மென்பொருளாக மாறியபோது, 2018 கடைசியில் அதிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. வீட்டு டிவியில் அரை மணி நேரத்தில் ஓடிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காக ரவுட்டரில் 8096 போர்ட்டை, அதாவது ஜெல்லிஃபினுக்குள் வரும் வாசலை, இணையத்துக்குத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ரவுட்டருக்குக் கிடைத்திருந்த முகவரி 100 என்று தொடங்கியது. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் சிஜிநாட் ஏற்பாடு; வெளியிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வர முடியாது. மாதாமாதம் பணம் கட்டி எங்கள் வீட்டுக்கென்று தனி ஐபி, அதாவது தனிப் பொது முகவரி வாங்கினேன்.

மூன்றாம் நாள் யார் யார் வந்தார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தால் அட்மின், ரூட், டெஸ்ட் என்று வரிசையாக லாகின் முயற்சிகள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர்கள் கிடையாது. இணையம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டிப் பார்க்கும் பாட்கள் என்கிற தானியங்கி நிரல்கள்தான், என்னைத் தேடி வந்தவை அல்ல என்பது தெரியும். ஆனாலும் ஆச்சியின் அடுக்களை வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. அதைவிட மோசம், போகிற வருகிற தகவலை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ்கூட நான் போடவில்லை. அத்தையின் கடவுச்சொல் மறைப்பு எதுவும் இல்லாமல்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து மும்பை வந்திருக்கிறது. அன்று ராத்திரியே போர்ட்டை மூடினேன்.

இப்போது டெயில்ஸ்கேல் என்கிற சேவை. இணையத்துக்குள்ளேயே தனி வழி போடும் விபிஎன் வகையில் ஒன்றான வயர்கார்ட் முறையில் இயங்குவது. வீட்டுக் கணினியும் அத்தையின் போனும் தங்களுக்குள் மறையாக்கம் செய்த வழியில் பேசிக்கொள்கின்றன. ரவுட்டரில் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம், சிஜிநாட் இருந்தாலும் தடையில்லை. தனி ஐபியை ரத்து செய்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் இருக்கிற பகிரும் வசதி: என் நெட்வொர்க் முழுவதையும் காட்டாமல் அந்த ஒரு லேப்டாப்பை மட்டும் அத்தையின் கணக்குக்குக் கொடுக்கலாம். வீட்டில் இருக்கிற மற்ற எதுவும் அவருக்குத் தெரியாது.

ஜெல்லிஃபினில் ஆளுக்கு ஒரு கணக்கு போட்டேன். யாருக்கும் அழிக்கும் அனுமதி கிடையாது. ஜெல்லிஃபினை டாக்கர் என்கிற தனிப் பெட்டிக்குள் ஓட விட்டு, வீடியோ ஃபோல்டரையே படிக்க மட்டும் என்று அதில் இணைத்திருக்கிறேன். ஜெல்லிஃபினே நினைத்தாலும் ஒரு ஃபைலையும் அழிக்க முடியாது. தாத்தாவின் காரிய வீடியோ தனி லைப்ரரி. அதை அத்தை, அண்ணன், நான் மூவரும்தான் பார்க்க முடியும். சித்தப்பா பிள்ளைகள் கேட்டார்கள், அவர்கள் இன்னும் சின்னவர்கள் என்று சொல்லிவிட்டேன்.

பார்க்கும்போதே வீடியோவை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்து லேப்டாப் திணறாமல் இருக்க, எல்லாவற்றையும் முன்கூட்டியே பெரும்பாலான போன்களிலும் டிவிகளிலும் நேராக ஓடும் எச்.264 வீடியோ வடிவத்துக்கு மாற்றி வைத்தேன்.

அத்தைக்கு வீடியோ காலில் சொல்லிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. ஆறு மாதம் கழித்து ஒருநாள், "ஏளா, அம்மாவைக் காணலியே" என்று போன். டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் சாவிக்கு வழக்கமான ஆயுள் 180 நாள். லேப்டாப்பின் சாவி காலாவதி ஆகியிருந்தது. அந்தக் கணினிக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வைத்தேன்.

சரியானதும் அத்தை முதலில் போட்டது அந்தச் சொதி வீடியோதான். நடுவில் கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பா, "சத்தமாப் பாடும்மா" என்பார். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதாகச் சொன்னார்.