முப்பது நாளும் ஒரு போயாவும்

சத்திரசிகிச்சைக்கு இடமில்லாத மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிரும் கீமோவும் ஒன்றாகவே கொடுக்கப்படுகின்றன. நாளுக்கு 2 கிரே (கதிரின் அளவலகு), வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 60 கிரே. கூட்டிக் கொடுத்தால் நல்லதென்று நினைத்த காலம் உண்டு. இரண்டு அளவையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆர்.டி.ஓ.ஜி. 0617 ஆய்வில் 74 கிரே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 20.3 மாதம், 60 கிரே பெற்றவர்களுக்கு 28.7 மாதம். ஆகவே கூட்டுவதில் பயனில்லை, சொன்ன அறுபதைச் சொன்ன ஆறு வாரத்துக்குள் முடிப்பதுதான் வேலை. மஸ்கெலியாத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து, இச்சிகிச்சை பற்றிய ஆய்வொன்றில் சேருபவர் விஷயத்தில் அதுதான் பெரும்பாடு.

முதல் நாளே கலண்டரை விரித்து முப்பது நாளையும் குறித்துவிட வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஒரு போயாவாவது (பௌர்ணமி விடுமுறை) கட்டாயம் வரும். அது சனி ஞாயிறில் விழாவிட்டால் ஒரு நாள் போயிற்று. தீபாவளி, சித்திரை வருஷம் வேறு. மே, ஜூனில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பஸ் இல்லை. மூன்றாம் நான்காம் வாரத்துக்குப் பிறகு மிஞ்சிய புற்றுக்கலங்கள் வேகமாகப் பெருகுவதால், விடுபட்ட நாளைக் கடைசியில் ஒட்டவைத்தால் பலன் குறையும். சனிக்கிழமை மெஷினை ஓட்டலாம். இல்லையேல் ஒரே நாளில் இரண்டு முறை கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே 6 மணித்தியாலமாவது இருக்க வேண்டும், முள்ளந்தண்டு நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் தேவை. மாலைச் சிகிச்சை முடிந்தால் கடைசி பஸ் போயிருக்கும் என்பதால் அன்றிரவு தங்க இடமும் பார்த்தாக வேண்டும்.

ஆய்வுப் படிவத்தில் "நோயாளி வரவில்லை" என்று மட்டும் எழுதுவது ஒன்றுக்கும் உதவாது. மெஷின் பழுதா, வெள்ளையணு குறைந்ததா, பாதை மூடியதா, கையில் காசில்லையா என்று பிரித்து எழுதாவிட்டால், பின்னால் கணக்குப் பார்ப்பவர் எல்லாவற்றையும் மருந்தின் தலையில் கட்டிவிடுவார். தோட்டத்தில் வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் (நாட்சம்பளம்) விழாது. துணைக்கு வருபவருக்கும் அப்படித்தான். பயணச் செலவை மாதக் கடைசியில் அல்ல, அன்றன்றே இருவருக்கும் கொடுப்பதென்று நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது நல்லது. ஆய்வில் சேரச் சம்மதித்துக் கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சியாகக் கங்காணியையோ தோட்ட ஒபீஸ் ஆளையோ நிறுத்தக் கூடாது. அவர்கள் முன்னால் "வேணாங்க" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கீமோ மருந்தான கார்போபிளாட்டினின் வாராந்த அளவில் தவறு சத்தமில்லாமல் நடக்கும். 58 வயது, 41 கிலோ, இரத்தத்தில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) 0.6 மி.கி./டெ.லீ. உள்ள ஒரு பெண்ணுக்குச் சூத்திரப்படி சிறுநீரக வடிப்பு நிமிடத்துக்கு 66 மி.லீ. வரும், ஏ.யூ.சி. (உடம்பு மருந்துக்கு ஆளாகும் அளவு) 2க்கு மருந்து 182 மி.கி. ஆனால் அந்த 0.6க்குக் காரணம் நல்ல சிறுநீரகமாக இல்லாமல், தசை வற்றிய உடம்பாகவும் இருக்கலாம். 0.7க்குக் கீழே போகாமல் கணக்கிட்டால் 163 மி.கி.தான். எந்தக் கணக்கு என்பதை ஆய்வுத் திட்டத்தில் முன்பே எழுதிவைக்க வேண்டும். லாப் துண்டில் 53 என்றிருந்தால் அது மைக்ரோமோல், 88.4ஆல் வகுத்தால்தான் 0.6 வரும். எடையை வாராவாரம் சுவெட்டரும் செருப்பும் கழற்றிவிட்டே பார்க்க வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் உணவுக்குழாய் புண்ணாகும். "சாப்பிட முடியுதாம்மா?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்ற பதில்தான் வரும். "காலையில ரொட்டி எவ்வளவு எறங்குச்சு? சம்பல் தொட்டீங்களா?" என்று கேட்டால் பக்கவிளைவின் தரம் ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும். ரொட்டியை விட்டுக் கஞ்சிக்கு மாறியிருந்தால் அது இரண்டு. கஞ்சியும் இறங்காமல் வோர்டில் சேர்க்க நேர்ந்தால் மூன்று.

கதிர் நுரையீரல் அழற்சி பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள், ஆள் லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) திரும்பிய பிறகு வருகிறது. வறட்டு இருமல், மூச்சு வாங்கல், இலேசான காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் அது சளிக்காய்ச்சலாகி, அமொக்சிசிலினோடு முடிந்துவிடும். ஆய்வேட்டில் பக்கவிளைவு 'இல்லை' என்று பதிவாகும். சிகிச்சை முடிந்த தேதி, கதிர் பட்ட பக்கம், அழைக்க வேண்டிய இலக்கம் மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டையைக் கிளினிக் கொப்பியிலேயே ஒட்டிக் கொடுக்கலாம். இந்த அழற்சிக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட்டான பிரெட்னிசொலோன் தொடங்குமுன் காசநோய்க்குச் சளி பார்த்தாக வேண்டும், ஸ்டீரொயிட் அதைக் கிளப்பிவிடும். தொடங்கினால் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டியிருப்பதால், குறைக்கும் அட்டவணையோடு முழு மாத்திரையையும் ஒரேயடியாகக் கொடுத்தனுப்புவதே மேல். பாதியில் தீர்ந்தால் இருமல் திரும்பிவிடும்.