கதவு கார்விங் மெஷினுக்கு எந்த மோட்டார்?

ஜூன் 3
நாலடிக்கு எட்டடி சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்த செதுக்கற மெஷின்), ஃப்ரேம் வெல்டிங் முடிஞ்சு ரயிலும் ஏத்தியாச்சு, இனி மோட்டார் தான். கோயம்புத்தூர்ல கேட்ட கடையெல்லாம் ஒரே பாட்டு, "நெமா 34, 8.5 நியூட்டன் மீட்டர், கண்ண மூடிட்டு போடுங்க". நெமா 34ங்கறது ஸ்டெப்பர் மோட்டார்ல ஒரு சைஸ், ஸ்டெப்பர்னா ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு ஸ்டெப் சுத்தறது. அந்த 8.5 மோட்டார் நிக்கும்போது புடிச்சு வெக்கிற டார்க், அதாவது முறுக்கு விசை. நின்னுட்டு இருக்கறதுக்கா மெஷின் கட்டறோம்?

ஜூன் 5
டேட்டாஷீட்ல எந்த வேகத்துக்கு எவ்ளோ டார்க்னு கிராஃப் பாத்தேன். 300 ஆர்பிஎம் வரைக்கும் ஸ்டெப்பர் தான் ராஜா, அதுக்கு மேல இண்டக்டன்ஸ்னால காயில்ல கரண்ட் முழுசா ஏறறதுக்குள்ள அடுத்த பல்ஸ் வந்துருது, 1000ல கால்வாசி கூட தேறல. 750 வாட் ஏசி செர்வோல (எங்க இருக்கோம்னு தானே பாத்து திருத்திக்கற மோட்டார்) வெறும் 2.4 நியூட்டன் மீட்டர்னு தான் போட்டிருக்கு, ஆனா 3000 ஆர்பிஎம் வரைக்கும் அது கொறையறதே இல்ல, டக்குனு கெளம்பும்போது கொஞ்ச நேரம் மூணு மடங்கு கூட குடுக்கும்.

ஜூன் 8
லேத் அண்ணன் வந்து, டூல் மேல கீழ போற இசட் அச்ச பாத்து, "ஏங்கண்ணு, இசட்டு நகர்றதே ஒரு சாண், அதுக்கெதுக்கு செர்வோ?"ன்னாரு. பலகை வெட்றதுன்னா அவர் சொல்றது சரி. நமக்கு வர்றது கஜலட்சுமி கதவு, யானை தும்பிக்கை மடிப்புல பக்கவாட்டுல எக்ஸ் கொஞ்சம் நகர்றதுக்குள்ள இசட் ஏறி எறங்கி மறுபடி ஏறணும், சுத்துக்கு 5 மில்லி நகர்த்தற ஸ்க்ரூல நிமிஷத்துக்கு 5 மீட்டர்னாலே 1000 ஆர்பிஎம் ஆயிருது. அங்க ஸ்டெப் விட்டா சாதா ஸ்டெப்பருக்கு விட்டதே தெரியாது, அது பாட்டுக்கு தேக்குல லட்சுமி மூக்க நோண்டிட்டு போயிரும். இசட்டுக்கு செர்வோ தான், அதுவும் பிரேக் வெச்சது, கரண்ட் போனா கட்டர சுத்தற ஸ்பிண்டில் கீழ எறங்கிறக் கூடாதுல்ல.

ஜூன் 12
எக்ஸ், ஒய் ரெண்டுக்கும் க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பர். எவ்ளோ சுத்துச்சுன்னு பாக்கற சென்சார் (என்கோடர்) இருக்கறதால ஸ்டெப் விட்டா அலாரம் அடிச்சு நின்னுரும், மத்தபடி வேகத்துல டார்க் விழறது அதுலயும் அப்படியே தான். ரேக் பினியன்ல (பல் பட்டை மேல ஓடற பல் சக்கரம்) 5க்கு 1 கியர்பாக்ஸ், மோட்டார் ஒரு சுத்துக்கு 15.7 மில்லி, நிமிஷத்துக்கு 4 மீட்டர் ஓட்டினாலும் 255 ஆர்பிஎம் தான வருது. அங்கயும் செர்வோ போட்டு காச கொட்டணுமா என்ன.

ஜூன் 19
செர்வோ வந்துருச்சு. ஒரு சுத்துக்கு 10,000 பல்ஸ்னு செட் ஆகி வந்துது. நம்மகிட்ட இருக்கறது கம்ப்யூட்டரோட பழைய பேரலல் போர்ட்டும் மாக்3 கன்ட்ரோல் சாஃப்ட்வேரும், செகண்டுக்கு 25,000 பல்ஸ்ல (25 கிலோஹெர்ட்ஸ்) 150 ஆர்பிஎம் தாண்டாது. மோட்டார ஓட்டற டிரைவ்ல எலக்ட்ரானிக் கியர் செட்டிங்க மாத்தி சுத்துக்கு 1000 பல்ஸ் ஆக்கிட்டேன், இப்ப 1500 போகும், பல்ஸுக்கு 0.005 மில்லி, மரத்துக்கு அந்த துல்லியமே ஜாஸ்தி. ரிஜிடிட்டி செட்டிங்க (மோட்டார் எவ்ளோ இறுக்கமா எடத்த புடிக்கணும்ங்கறது) ஏத்துனா உர்ருங்குது, கொஞ்சம் எறக்கி வெச்சதும் அடங்கிருச்சு. பிரேக் காயிலுக்கு 24 வோல்ட் தனியா வேணும், டிரைவ் அவுட்புட்ல நேரா கோக்க முடியாது. நாளைக்கு ரிலே வாங்கணும்.